வண்டிக் கேள்வி பதில்: மேமியோ இறக்கத்தில் பெடல் ஏன் தரைக்குப் போனது?

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேக் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறைக்கு மலை நகரமான மேமியோ போனவர்கள் எல்லோரும் கீழே இறங்கி வந்துவிட்டார்கள், மழையும் ஆரம்பித்துவிட்டது. அதனால் இந்த இதழை முழுக்கப் பிரேக்குக்கே கொடுத்துவிடுகிறேன். கிளட்ச், ஏ.சி. பற்றி எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெகுவிலிருந்து ஒரு வாசகர்): ஐயா, குடும்பத்தோடு ஹையேஸ் வேனில் மேமியோ போய்வந்தோம். ஆட்டோமேட்டிக் வண்டி. பெரியவர்கள், பிள்ளைகள், சாமான் எல்லாம் சேர்த்து நல்ல பாரம். இறங்கும்போது பாதி வழியில் கருகல் வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் பெடல் மெத்தென்று தரை வரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ ஓரம் கட்டினேன். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது! ஊருக்கு வந்து ஒர்க்ஷாப்பில் காட்டினேன். எங்கும் ஒழுகவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். இனி இந்த வண்டியை நம்பலாமா?

பதில்: பிரேக் ஆயிலை மாற்றிய பிறகு நம்பலாம். அதுவரை ஊருக்குள் ஓட்டுவதைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நடந்தது இதுதான். சக்கரத்துக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் குழாய் வழியாகப் போய் காலிப்பரில் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) இருக்கும் பிஸ்டனைத் தள்ள வேண்டும், அது பேடை டிஸ்க்கில் அழுத்தும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடே வேலை செய்கிறது. ஆவி அப்படி இல்லை, அமுக்கினால் சுருங்கிவிடும். உங்கள் கால் அந்த ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தது, பிஸ்டனுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. நீங்கள் டீ குடித்த நேரத்தில் சூடு ஆறி, ஆவி திரும்பத் திரவமானது. பெடலும் வந்துவிட்டது. அதனால்தான் ஒர்க்ஷாப்பில் ஒன்றும் அகப்படவில்லை. ஒழுகலைத் தேடினால் இது கிடைக்காது, ஆயிலைச் சோதித்தால் கிடைக்கும்.

அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மேமியோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,070 மீட்டர். மாண்டலே 80 மீட்டர்கூட இருக்காது. ஆளும் சாமானும் சேர்த்து உங்கள் வேன் 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 1,000 மீட்டர் கீழே இறக்கினால் வெளியே வரும் சக்தி ஏறக்குறைய 24.5 மெகாஜூல். அதே வேனை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25 முறை நிறுத்துவதற்குச் சமம் இது. 75 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை யார் எடுப்பது? நீங்கள் கியரை இறக்கியிருந்தால் இன்ஜின் எடுத்திருக்கும். ‘டி’யிலேயே வைத்து மிதித்துக்கொண்டே வந்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்தான் எடுக்க வேண்டும். ஆனிசகான் தாண்டியதும் இறக்கம் தொடங்கி, வளைவுக்கு மேல் வளைவாகப் போகும் சாலை அது. டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

சரி, எல்லோரும்தான் அப்படி மிதித்துக்கொண்டு இறங்குகிறார்கள், உங்கள் வண்டிக்கு மட்டும் ஏன் இப்படி ஆனது? ஆயில் பழசு, அதுதான் என் கணக்கு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், மூடியில் இருக்கும் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் மெதுவாக உள்ளே போகும். டாட் 3 (DOT 3) என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 டிகிரி. டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. நம் ஊர் மழைக்காலக் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதுமாக மாற்றிவிடுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். மாற்றுவது என்றால் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுவது அல்ல. நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து, பழைய கறுப்பு ஆயில் போய்ப் புதியது தெளிவாக வரும் வரை எடுக்க வேண்டும். கொதித்த ஆயில் காலிப்பருக்குள்தான் இருக்கிறது, மேலே டப்பாவில் இல்லை.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சில சமயம் பெடல் கல்லு மாதிரி கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அது பேட் எரிந்து பிடிப்பை இழப்பது. பேடில் இருக்கும் பிசின் அதிகச் சூட்டில் கருகி வாயு விடும், பிடிப்பு குறைந்துவிடும். உங்களுக்கு வந்த கருகல் வாடை அதுதான். அதாவது உங்கள் வேனில் முதலில் பேட் எச்சரித்தது, அப்புறம் ஆயில் கைவிட்டது. வாடை வந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். ஆயிலோடு பேடையும் கழற்றிப் பாருங்கள். மேல்பக்கம் கண்ணாடி போல மினுமினுத்தால் மாற்றிவிடுவது நல்லது.

அடுத்த முறை இறங்கும்போது இறக்கம் தொடங்குவதற்கு முன்பே ஓ.டி. (ஓவர்டிரைவ், அதாவது மேல் கியர்) பொத்தானை அணைத்து, செங்குத்தான இடத்தில் ‘2’க்கு வாருங்கள். இன்ஜின் உறுமும், பயப்பட வேண்டாம், சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அதற்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது நன்றாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் டிஸ்க் ஆறும். 21 மைலில் நிற்கிற வழக்கத்தை விடாதீர்கள், அங்கே காட்சி மட்டும் பார்க்காமல் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே காலிப்பர் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். நிற்கும்போது ‘பி’யில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பின் சக்கரத்தில் கொதிக்கிற டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்கப்போகிறீர்கள். மலைப்பாதை லாரிகள் சிலவற்றில் பிரேக்குக்குத் தண்ணீர் சொட்டவிடத் தொட்டி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அவர்கள் இறக்கம் தொடங்கும்போதே சொட்டவிடுகிறார்கள், டிரம் கடுமையாகச் சூடேற விடுவதே இல்லை. நீங்கள் கொதித்த டிஸ்க்கில் ஒரு வாளியைக் கவிழ்த்தால் இரும்பு வெடிக்கும், அல்லது கோணும். காற்றிலேயே ஆறட்டும்.

பெடல் தரைக்குப் போன நேரத்தில் நீங்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது சரியான காரியம். அது கம்பியில் ஓடுகிறது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், கியரையும் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், பெடலை வேகவேகமாகப் பம்ப் அடித்தும் பார்க்கலாம். இன்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது.

கேள்வி (மாண்டலேயிலிருந்து): பெட்ரோல் கிடைக்கிற கஷ்டத்தில் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு ஓட்டுகிறேன். சில நண்பர்கள் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். தவறா?

பதில்: தவறு, அதோடு பெட்ரோலும் மிச்சமாகாது. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இப்போது ஓடும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே வரும். இன்ஜினை அணைப்பவர்கள் அதைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். பெடலுக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டர் இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் அது தாங்கும். அப்புறம் உங்கள் கால் பலம் மட்டும்தான், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

கேள்வி (ரங்கூன், தாம்வேயிலிருந்து ஒரு டாக்சி டிரைவர்): அண்ணே, ப்ரோபாக்ஸ் ஓட்டுகிறேன். முன் சக்கரத்தில் ஓடும்போது கீச்சென்று சத்தம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, ஓட்டலாம் என்றார். சத்தம் நிற்கவில்லை. மற்றவர்களுக்கு ஓடுகிற அளவுக்கு எனக்குப் பேடும் ஓடுவதில்லை.

பதில்: தம்பி, உங்கள் மெக்கானிக் பார்த்தது வெளிப்பக்கத்துப் பேட். உள்பக்கத்துப் பேடை எட்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள். பேட் 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தேயும்போது டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது உள்பக்கத்துப் பேடில்தான் இருக்கும். உங்கள் வண்டியின் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பிஸ்டன் உள் பேடைத் தள்ள, காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களில் (வழுக்கும் ஆணிகளில்) வழுக்கி வந்து வெளிப் பேடை இழுக்கும். அந்தப் பின் காய்ந்து துருப்பிடித்து இறுகிவிட்டால் உள் பேட் மட்டும் உழைத்துத் தேயும். வெளிப் பேட் புதுசு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இப்போது புதுப் பேட் மட்டும் போட்டால் அதுவும் இதே மாதிரி சீக்கிரம் போய்விடும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் போடுங்கள். பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸ் அங்கே ரப்பரை உப்ப வைத்துவிடும். டிஸ்க்கின் தடிமனையும் வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். எது வரை தேயலாம் என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கையால் தடவிப் பார்த்து ‘இன்னும் ஓடும்’ என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை. பின்னால் டிரம்மையும் திறக்கச் சொல்லுங்கள். பின் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் முன் பேட்தான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும்.

பேட் சீக்கிரம் தேய்வதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு, அதை எந்த மேனுவலிலும் எழுதியிருக்க மாட்டார்கள். 1970 டிசம்பரில் நாடு சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது. ஜப்பானிலிருந்து வந்த நம் வண்டிகளின் ஸ்டியரிங்கோ இன்னும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் பஸ் போனால் அதற்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. முந்தலாம் என்று வண்டியை வெளியே நீட்டுவது, எதிரே ஆள் வந்தால் பிரேக் அடித்து உள்ளே வருவது, இப்படியேதான் நாள் முழுவதும் ஓட்டுகிறோம். இடைவெளி விட்டு ஓட்டினால் பேட் மிச்சமாகும். டாக்சிக்காரரிடம் இடைவெளி விடச் சொன்னால் சிரிப்பார் என்றும் தெரியும்.

பேட் வாங்கும்போது அதன் விளிம்பில் அச்சிட்டிருக்கும் எண்களின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது அதிகச் சூட்டிலும் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கான குறி. ‘இ’ (E) என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35, ‘எஃப்’ (F) என்றால் 0.35 முதல் 0.45. இரண்டும் ‘எஃப்’ஆக இருப்பதை வாங்குங்கள். எழுத்தே இல்லாத பேட் அட்டைப்பெட்டியில் எவ்வளவு பெரிய பெயர் போட்டு வந்தாலும் வேண்டாம். போட்ட பிறகு வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை நான்கைந்து முறை மிதித்துக் கெட்டியானதும்தான் கிளம்ப வேண்டும். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் மிதி சும்மா போகும். ஒர்க்ஷாப் வாசலிலேயே எதிர்ச் சுவரில் மோதிய வண்டிகள் உண்டு. பழைய தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊத விடாதீர்கள். சில பேட்களில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ரங்கூனிலிருந்து ஒரு வாசகி): அண்ணா, மழையில் தெரு நிறைந்து நின்ற தண்ணீரில் ஓட்டி வெளியே வந்ததும் முதல் பிரேக் பிடிக்கவே இல்லை. காலையில் வண்டியை எடுக்கும்போதும் கரகரவென்று சத்தம் வருகிறது. பிரேக் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, அம்மா. டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படலமாக நிற்கும், அது வெளியேறும் வரை பிடிப்பு இருக்காது. தண்ணீரைத் தாண்டியதும் பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாக அழுத்தி வாருங்கள். டிஸ்க் சீக்கிரம் காய்ந்துவிடும். டிரம் மூடிய சட்டி, உள்ளே போன தண்ணீர் வெளிவர நேரம் எடுக்கும், பின் பிரேக் இன்னும் கொஞ்சம் தூரத்துக்குப் பலவீனமாகவே இருக்கும்.

காலைச் சத்தம் டிஸ்க்கில் இரவில் படிந்த மேல்துரு. முதல் சில மிதியில் போய்விடும். நம் ஊரில் வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. வார்ப்பிரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பல நாள் வண்டியை எடுக்காமல் விடப்போகிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் ‘பி’யில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்துவிடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் அப்புறம் சுத்தியலோடுதான் ஆள் வர வேண்டும்.

கேள்வி (நேப்பிடோவிலிருந்து): எக்ஸ்பிரஸ் சாலையில் வேகமாகப் போய் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, புதுசு போடு என்கிறார்கள்.

பதில்: வளைந்திருக்க வாய்ப்பு குறைவு. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போயிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் போதும், கையில் உதறல் தெரியும். ரங்கூனையும் மாண்டலேயையும் இணைக்கும் அந்த 366 மைல் சாலையில் வேகமாக வந்து, 115 மைல் ஓய்விடத்திலோ கட்டணச் சாவடியிலோ பலமாக மிதித்து நிறுத்திவிட்டுக் காலை எடுக்காமல் அப்படியே நிற்கிறோம் பாருங்கள், கொதிக்கிற பேட் டிஸ்க்கின் ஒரே இடத்தில் தன் சரக்கை ஒட்டிவிடும். அங்கிருந்து ஆரம்பிக்கும். நின்றதும் காலைக் கொஞ்சம் தளர்த்தி, வண்டியை அங்குலம் அங்குலமாக நகர விட்டு நில்லுங்கள், சமதரையாக இருந்தால் ‘என்’ போட்டுக் காலை எடுத்துவிடுங்கள்.

புது டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் பழையதைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க் போட்டால் அது கொஞ்சம் சாய்ந்து உட்காரும், கொஞ்ச நாளில் அதுவும் உதறும். வீல் நட்டை ஏர் கன்னால் கண்டபடி இறுக்குவதும் ஒரு காரணம். எதிர் எதிராக, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். தடிமன் மிச்சம் இருந்தால் லேத்தில் போட்டுச் சீவிக்கொள்ளலாம்.

கேள்வி (ரங்கூனிலிருந்து): எலக்ட்ரிக் கார் வாங்கி ஓட்டுகிறேன். பேட் தேயவே இல்லை என்று சர்வீஸில் சொல்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: காசுக்கு நல்லது. காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பேடுக்கு வேலை குறைவு. ஆனால் வேலை இல்லாத காலிப்பரின் ஆணி (பின்) துருப்பிடித்து இறுகும், மேலே தாம்வே தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தேயவில்லை என்பதற்காகப் பிரேக் ஆயிலை மாற்றாமல் விடவும் வேண்டாம். மேமியோ போனால் அங்கே பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி மோட்டார் தரும் மின்சாரத்தை வாங்க முடியாது, வண்டி சாதாரண பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும். 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள், கீழே வரும்போது கொஞ்சம் ஏறியிருக்கும்.

கேள்வி (மோல்மீனிலிருந்து): பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வருகிறது. அவ்வப்போது ஊற்றிவிட்டால் போதுமா?

பதில்: ஊற்றாதீர்கள், முதலில் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். மெதுவாகக் குறைந்தால் பெரும்பாலும் அதுதான். புதுப் பேட் போட்டதும் அளவு தானாக மேலே வந்துவிடும். இடையில் ஊற்றி நிரப்பியிருந்தால் அப்போது பொங்கி வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும். சில நாளிலேயே சட்டென்று குறைந்தால் ஒழுகல். சக்கரத்தின் உள்பக்கத்தையும், டிரைவர் காலடியில் பெடல் மேலே இருக்கும் இடத்தையும் தடவிப் பாருங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசி ஹோஸ் வரை ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும், மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி (மாண்டலேயிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): மோட்டார் சைக்கிளில் முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று அப்பா பின் பிரேக் மட்டும் பிடிக்கச் சொல்கிறார்.

பதில்: அப்பாவிடம் சண்டை வேண்டாம், ஆனால் இரண்டையும் பிடியுங்கள். நிறுத்தும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது வழுக்குமே தவிர நிற்காது. முன் லீவரைச் சட்டென்று பறிக்காமல், தொட்டு, எடை முன்னால் வந்ததும் இன்னும் அழுத்த வேண்டும். வண்டி நேராக இருக்கும்போது மட்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதோ மணல் கிடக்கும் இடத்திலோ அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. காலியான மைதானத்தில் மெதுவான வேகத்தில் பழகிக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டோடு.